பச்சைக் கட்டம் காட்டிய சனிக்கிழமை

மடக்கு நாற்காலியை விரிக்கிற சத்தம் உங்களுக்குத் தெரியும். கிர்ர்... டப். கிர்ர்... டப். இரும்பும் இரும்பும் உரசும். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குப் போகும் முன் ஒரு சின்ன மூச்சு விடும். மற்றவர்களுக்கு அது கல்யாணச் சத்தம். எனக்கு அது ஒரு வெள்ளிக்கிழமையின் சத்தம். போன வாரம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஏதோ கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் காய்கறிப் பையோடு நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "என்னா சார், கூட்டத்துக்கு மொத ஆளா?" என்று கேட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

நின்றது கால்தான். மனசு சிதம்பரத்துக்குப் போய்விட்டது.

இருபத்தைந்து வருஷம் மென்பொருள் எழுதிவிட்டு நாற்பத்தொன்பதாவது வயதில் ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு என்பது கொஞ்சம் பெரிய சொல். சால்வை இல்லை, வழியனுப்பு விழா இல்லை. கடலூரில் மாடியில் இருந்த ஒற்றை அறை ஆபீசை நானே பூட்டி, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர், "ஃபேனு ஓடுதுல்ல?" என்று மட்டும் கேட்டார். என் இருபத்தைந்து வருஷ உழைப்புக்குக் கிடைத்த ஒரே விமரிசனம் அது. ஓடியது.

மென்பொருள் எழுதுகிற நீங்களெல்லாம் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறீர்களே, அதற்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்தீர்கள்: வியாபார டேட்டாபேஸில் தேதியை எந்த வடிவத்தில் சேமிப்பது? அரைப் பக்கத்தில் முடிகிற விஷயம். எழுத்தாகச் சேமிக்காதீர்கள், தேதிக்கென்று உள்ள வகையிலேயே சேமியுங்கள். தீர்ந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தீர்த்தேன். தீர்த்த இடத்தில்தான் இரண்டு கல்யாணங்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டன.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். அதன் முதலாளிக்குப் புவனகிரிப் பக்கம் நெல் அரவை மில். மண்டபத்துக்கு வாரம் ஒருமுறை வருவார். மண்டபத்தை நடத்துகிறவர் மேனேஜர் தனபால். பதினெட்டு வருஷமாக அதே மண்டபம், அதே காக்கிக் கால்சட்டை, இடுப்பில் அதே சாவிக்கொத்து. அவர் நடந்தால் சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்.

மண்டபத்தில் ஏற்கெனவே ஒரு புக்கிங் மென்பொருள் இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போயிருந்தார். அதில் தேதி அடிக்கிற கட்டம், ஃபீல்டு என்போமே, அது வெறும் எழுத்து. என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். அடித்தும் இருந்தார்கள். ஒரு வரியில் "12.9". அடுத்ததில் "ஆவணி 27". இன்னொன்றில் "27 ஞாயிறு", எந்த மாதத்து ஞாயிறோ. ஒரே ஒரு இடத்தில் "மறு முகூர்த்தம்" என்று இருந்தது. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் விழுகிறது. படித்தவன் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டால் நீங்கள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள்.

முதலாளியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். வருஷம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள், இப்படி வைத்தால் வரிசை தானாக அமையும், முப்பத்திரண்டாம் தேதி என்று ஒருவர் அடித்தால் உள்ளேயே விடாது, கழிக்கலாம், கூட்டலாம். அவர் வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும். போன்ல தெரியுமா?"

"தெரியும்ங்க."

"அப்பப் பண்ணு."

பண்ணினேன். ஒரே ஒரு ஃபீல்டு: நிகழ்ச்சித் தேதி. அசல் தேதி வகை. ஒரு தேதிக்கு ஒரே ஒரு புக்கிங் என்று விதி. அதை மீற யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. திரையில் மாதம் கட்டம் கட்டமாக விரியும். புக் ஆன நாள் சிவப்பு, காலி நாள் பச்சை. வெளியாட்களும் போனில் பார்க்கலாம், கேட்டு அனுப்பலாம். தனபால் "சரி" என்று அமுக்கினால் அவர்களுக்கு மெசேஜ் போய்விடும். அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சிவப்பும் பச்சையுமாக ஒரு மாதம், விரித்துப் போட்ட பாய் மாதிரி. எவ்வளவு சுத்தம். எவ்வளவு அமைதி. அதற்குள் மனுஷ நடமாட்டமே இல்லாததால்தான் அவ்வளவு அமைதி என்று தெரிய நாளானது.

பழைய விவரங்களை ஏற்றுவதற்குத் தனபாலின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நீளவாட்டு நோட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். கட்டத்துக்குள் பெயர், ஊர், போன் நம்பர். அது போக, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பென்சிலில் ஒரு சாய்வுக் கோடு. முந்தைய நாள் கட்டத்தின் நடுவில் தொடங்கி, கல்யாண நாள் கட்டத்தின் நடுவில் முடிந்தது.

"இது என்னாங்க?"

"கோடு சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"அது அப்படித்தான் சார் போடணும்."

அவருக்கு அதை விளக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். விளக்க வேண்டிய அளவுக்கு ஒருவன் சிதம்பரத்துக்கு வருவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: "பென்சில் கோடுகள், தேவையில்லை." கோடு எங்கே முடிகிறதோ அந்தத் தேதியை மட்டும் எடுத்து ஏற்றினேன். தொடங்கிய இடத்தை விட்டுவிட்டேன்.

ஆடி மாதத்தில் தொடங்கிவைத்தோம். ஆடியில் யார் கல்யாணம் செய்கிறார்கள்? மண்டபத்தில் சேலைத் தள்ளுபடி விற்பனை நடந்தது. பாத்திர விற்பனை நடந்தது. ஒரு கண் சிகிச்சை முகாம். எல்லாம் காலையில் தொடங்கி அன்று சாயங்காலமே மூட்டை கட்டுகிற கூட்டம். ஒரு தவறு இல்லை, ஒரு புகார் இல்லை. முதலாளி என் முன்னாலேயே தனபாலிடம், "இனிமே நோட்டு வேணாம், பரண்ல போடு" என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் மாதிரி இருந்த ஆணவம் அது.

இனி நான் சொல்லப்போவது யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டியது.

ஆடி முடிகிற சமயம். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். தனபால் போன் செய்தார்.

"சார், ஆவணியில ஒரு ஞாயித்துக்கெழம பெண்ணாடத்துப் பார்ட்டி இருக்கு. செவப்புக் காட்டுது, சரி. முன்னநாளு சனி பச்சையா இருக்கே?"

"சனிக்கிழமைக்கு யாராச்சும் புக் பண்ணியிருக்காங்களா?"

"இல்ல."

"அப்பப் பச்சைதான்."

"இல்ல சார், அது வந்து... பச்சை இல்லயே அது. இப்ப ஒருத்தவுங்க அந்தச் சனிக்கெழமைய வேற கேட்டு அனுப்பியிருக்காங்க."

"தனபால், ஞாயிறு வேற தேதி, சனி வேற தேதி. கம்ப்யூட்டர நம்புங்க."

பஸ் ஹாரன்.

"அப்ப சரின்னு அமுத்தட்டுமா?"

"அமுத்துங்க."

கண்டக்டர், "சார், உள்ள போங்க" என்றார். போனேன். அந்தப் போன் பேச்சு எந்தப் பதிவிலும் இல்லை. அதைக் கேட்டவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

அந்த ஆவணியில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஆபீசில் இருந்தேன்.

"சார், மண்டபத்துக்கு ரெண்டு பேனரு வந்திருக்கு."

"ஒரே பார்ட்டி ரெண்டு வெப்பாங்க தனபால்."

"ஒண்ணுல சிலுவை இருக்கு சார். இன்னொண்ணுல புள்ளையாரு இருக்காரு."

எழுந்து நின்றேன். அவர் சொல்லச் சொல்ல மறுபடியும் உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கெழம முகூர்த்தம்னா சனி மூணு மணிக்கே சாவி குடுத்துடணும் சார். சாயந்திரம் பொண்ணழைப்பு, அப்புறம் ரிசப்ஷன். காலையில தாலி, மத்தியானம் சாப்பாடு. ஞாயிறு மூணு மணிக்குக் காலி பண்ணுவாங்க. சிலுவைக்காரவுங்க சனி மத்தியானம் சர்ச்சுல கல்யாணத்த முடிச்சிட்டு, ஏழு மணிக்கு நம்ம மண்டபத்துல ரிசப்ஷனு. அவுங்களும் ஏழு. இவுங்களும் ஏழு."

எல்லாருக்கும் நாள் நள்ளிரவில் பிறக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு மட்டும் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறந்து, மறுநாள் மூன்று மணிக்கு இலை எடுத்துப் போட்டு முடிகிறது. அதைத்தான் அந்த மனுஷர் பென்சிலால் சாய்த்து வரைந்திருந்தார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால் நான் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவன் இல்லை. என் கல்யாணமே ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் சாயங்காலம் வாடகைக் கோட்டுக்குள் மூன்று மணி நேரம் வியர்த்து நின்று, சொந்தக்காரர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்து, கடைசியில் தலைசுற்றி மேடையிலேயே சோடா குடித்தவன். ஆனால் கல்யாண நாள் எது என்று கேட்டால் இன்றைக்கும் ஞாயிறைத்தான் சொல்வேன். அந்தச் சனிக்கிழமையைச் சொந்த வாழ்க்கையிலேயே சேமிக்காத ஒருவனிடம் ஊர்க் கல்யாணங்களை ஒப்படைத்திருந்தார்கள்.

பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது போனில் மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தேன். யார் எப்போது எதை அமுக்கினார்கள் என்று வினாடி சுத்தமாக எழுதிவைக்கும் இடம் அது. நான் எழுதியதிலேயே உருப்படியானது. சனிக்கிழமை புக்கிங். அனுமதித்தவர்: தனபால். என் பெயர் எங்கேயும் இல்லை. அந்த வரியைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்று என்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. பி.முட்லூர் வந்தது. வெள்ளாற்றுப் பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீரைவிட மணல் அதிகமாக இருந்தது. படமெடுத்த போன் சட்டைப் பையில் சூடாக இருந்தது.

மண்டபத்தில் முதலாளி நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பெண்ணாடத்துக்காரர், கரும்பு விவசாயி, மணப்பெண்ணின் அப்பா. அவரோடு அவர் மச்சான். இன்னொரு பக்கம் ஸ்டெல்லா அக்கா, சர்ச் கல்யாணத்து மாப்பிள்ளைக்கு மூத்தவர். கடலூரில் நர்ஸ். டியூட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தார். சட்டைப் பையில் வாட்ச் தொங்கியது.

"பத்திரிக அடிச்சி ஊரு பூரா வெச்சிட்டேன்" என்றார் பெண்ணாடத்துக்காரர். "நாளைக்குச் சாயந்திரம் ரெண்டு பஸ்ஸு ஜனம் வருது. எங்க எறக்கறது, ரோட்லயா?"

"மாமா, பேசாம நாம முன்னாடியே வந்து உள்ள பூட்டிக்குவோம்" என்றார் மச்சான்.

"நீ சும்மா இர்றா."

"எங்களுக்கு மட்டும் என்னங்க?" என்றார் ஸ்டெல்லா அக்கா. "மூணு வாரம் சர்ச்சுல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சு. சர்ச்சு சாமியார்கிட்ட நேரம் வாங்கியாச்சு. மண்டபம் உங்களுக்குத்தான்னு மெசேஜே வந்திருக்கு, இதோ பாருங்க."

முதலாளி அந்த மெசேஜைப் பார்த்தார். பிறகு தனபாலைப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா இருக்க. இதுக்குச் சரின்னு அமுத்துனது யாரு?"

"நான்தான்."

"யாரு சொல்லி?"

தனபால் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சாவிய வெச்சிட்டுப் போ."

தனபால் இடுப்புக் கொக்கியை அவிழ்த்தார். பதினெட்டு வருஷம் தேய்ந்த கொக்கி, சீக்கிரம் வரவில்லை.

அப்போது நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று எழுத ஆசைதான். நான் சொன்னது இது: "ஐயா, டேட்டால தப்பு இல்லீங்க. சனிக்கிழமை ஒரு புக்கிங், ஞாயித்துக்கிழமை ஒரு புக்கிங். ரெண்டும் வேற வேற தேதி. விதிப்படி..."

ஸ்டெல்லா அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஊசி போடுவதற்கு முன் இடம் தேடுகிற பார்வை.

"அண்ணே, நீங்க யாரு?"

"சாஃப்ட்வேர்ங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா உங்களுக்கு?"

"ஆயிடுச்சு."

"அதுக்கு மொதநாள் சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

மச்சான் சத்தமாகச் சிரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாத இரண்டு ஆட்கள் கூடத்தின் மறுகோடியில் நாளைக்கான நாற்காலிகளை விரிக்கத் தொடங்கினார்கள். கிர்ர்... டப். யாருடைய நாளைக்கு என்று அவர்களுக்கும் தெரியாது. கிர்ர்... டப். தனபால் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். அதற்குள் ஐந்து வரிசை விரித்துவிட்டார்கள். சட்டைப் பையில் இருந்த போனை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

"ஐயா, தனபால் என்னைக் கேட்டாரு. சனி பச்சை காட்டுது, அது பச்சை இல்லயேன்னு போன் பண்ணிக் கேட்டாரு. கம்ப்யூட்டர நம்புங்க, அமுத்துங்கன்னு நான்தான் சொன்னேன். அவரு நோட்டுல சரியா இருந்துச்சி. நான்தான் அதப் பாதி படிச்சேன்."

முதலாளி நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"அவன்கிட்ட சாவி இருந்துச்சி, வாங்கிட்டேன். உங்கிட்ட என்னா இருக்கு, வாங்கறதுக்கு?"

"நாளைக்கும் நாளான்னிக்கும் இங்கயே இருக்கேங்க."

"இருந்து? தாலி கட்டப் போறியா?"

தனபால் குறுக்கே வந்தார். குரலில் கோபம் இல்லை. "அது அப்புறம் இருக்கட்டுங்க. மொதல்ல இவுங்க எத்தினி மணிக்கு வராங்க, எத்தினி மணிக்குப் போறாங்கன்னு கேப்போம்." அலமாரியிலிருந்து சாக்பீஸ் எடுத்தார். கூடத்து மொசைக் தரையில் குந்தி நீளமாக ஒரு கோடு போட்டார். மூணு மணியிலிருந்து மறுநாள் மூணு மணிவரை. கோட்டின் மேல் சின்னச் சின்ன வெட்டுகள். அவர் யாரிடமும் தேதி கேட்கவே இல்லை.

"பஸ்ஸு எப்ப வரும்ங்க?"

"அஞ்சி, அஞ்சரை ஆவும்" என்றார் பெண்ணாடத்துக்காரர்.

"வந்தவுடனே மேடையா?"

"இல்ல இல்ல. டிபனு, குளியலு. ஏழு மணிக்குத்தான் புள்ளையார் கோயில்லேர்ந்து பொண்ணழைப்பு கெளம்பும். பேண்டு செட்டு வெச்சிருக்கு, எட்டாவும்."

"அப்ப எட்டு வரைக்கும் உங்களுக்கு மாடி ரூமு போதும், மேடை வேணாம். அம்மா, உங்க பூசை எப்ப முடியும்?"

ஸ்டெல்லா அக்காவும் குந்திவிட்டார். "நாலு, நாலரை. சாமியார் பிரசங்கத்தப் பொறுத்து."

"அஞ்சிக்கு ஆரம்பிச்சி ஏழே முக்காலுக்கு முடிச்சிக் குடுப்பீங்களா?"

"பத்திரிகையில ஏழுன்னு போட்டிருக்கே! எல்லாருக்கும் போன் பண்ணணும்."

"அதுக்கு சாஃப்ட்வேரு சார் இருக்காரு" என்றார் தனபால். என்னைப் பார்க்காமலே.

சமையல்கட்டுதான் பெரிய சிக்கல். ஒரே சமையல்கட்டு. ஒருவருக்குப் பிரியாணி, இன்னொருவருக்குச் சாம்பார் சாதம், கேசரி. பெண்ணாடத்துக்காரர் எழுந்தே விட்டார். "முகூர்த்தச் சமையலுக்குள்ள கறி வாசன வரக் கூடாதுங்க." பிரியாணியைச் சர்ச் வளாகத்திலேயே சமைத்து வேனில் கொண்டுவந்து, வெளித்திடலில் பந்தல் போட்டுப் பரிமாறுவது என்று முடிவானது. "அப்புறம் நம்ம பசங்க பாதிப் பேரு திடல்லதான் இருப்பானுங்க மாமா" என்றார் மச்சான். "மொதல்ல நீ இருப்ப" என்றார் பெண்ணாடத்துக்காரர்.

கோடு நிறைந்தது. முதலாளி எழுந்தார். சாவிக்கொத்தை எடுத்துத் தனபாலிடம் நீட்டினார். "ஞாயித்துக்கெழம மூணு மணி வரைக்கும் இது உங்கிட்ட இருக்கட்டும். ஒரு பந்தியில ஒரு எல கொறஞ்சாலும், அப்புறம் மண்டபத்துப் பக்கமே வராத. நீ செஞ்சதுக்கும் சேத்து, இவன் செஞ்சதுக்கும் சேத்து." இவன் நான்தான்.

இங்கே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் உண்மையைச் சொன்ன பிறகும் தண்டனை இடம் மாறவில்லை. ஒப்புக்கொண்டால் பாரம் நம் தோளுக்கு வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பாரம் வேலை செய்கிறவர் தோளிலேயே இருந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு போன் பட்டியல்.

அன்று மதியத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தேன். "ஏழு இல்லைங்க, அஞ்சு." "யாரு பேசறது?" "சாஃப்ட்வேர்ங்க." "எங்களுக்கு வேணாம்பா, வெச்சிடு." இப்படியே பாதி.

சனிக்கிழமை மண்டப வாசலில் நின்றேன். வலது கை திடலைக் காட்டும், இடது கை மாடியைக் காட்டும். பட்டுப்புடவையில் வந்த ஒரு அம்மா, "தம்பி, நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டார். எந்த வீட்டிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்பதை எப்படிச் சொல்வது? "காவலுக்குங்க" என்றேன்.

சாமியார் பிரசங்கத்தை நீட்டிவிட்டார். ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டியது ஐந்தே முக்காலுக்குத் தொடங்கியது. ஏழரைக்கு மேடையில் அப்போதுதான் கேக் வெட்டத் தயாரானார்கள். அதே நேரம் தெருமுனையில் பேண்டு வாத்தியம் கேட்டது. பெண்ணழைப்பு சீக்கிரமே வந்துவிட்டது. நான் மேடைக்கும் வாசலுக்கும் ஓடினேன். என்ன செய்ய ஓடினேன் என்று எனக்கே தெரியாது. ஓடுவது ஒரு வேலை மாதிரி இருந்தது. தனபால் ஓடவில்லை. சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். பேண்டு மாஸ்டர் காதில் ஏதோ சொன்னார். ஊர்வலம் நின்ற இடத்திலேயே குத்துப்பாட்டு தொடங்கியது. முதலில் இறங்கி ஆடியவர் மச்சான். பிறகு பெண்ணாடத்து இளசுகள். பிறகு காரில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணே இறங்கி இரண்டு அடி போட்டாள். மூன்று பாட்டு. அந்த மூன்று பாட்டுக்குள் கேக் வெட்டி, படம் எடுத்து, கிறிஸ்தவக் கூட்டம் திடலுக்கு இறங்கிவிட்டது. வெள்ளைப் பூ அலங்காரத்தின் மேலேயே செண்டுமல்லிச் சரங்களை இழுத்துக் கட்டினார்கள். மேடை மாறிவிட்டது.

எல்லாம் சுபம் என்று சொல்லமாட்டேன். ஸ்டெல்லா அக்காவின் பெரியப்பா என் போனை எடுக்கவில்லை. பத்திரிகையை நம்பி ஏழு மணிக்கு லால்பேட்டைப் பக்கமிருந்து கிளம்பி எட்டரைக்கு வந்தார். அவர் தூக்கி வளர்த்த பையனின் மேடையில் வேறு யாரோ மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "நீங்களே போய்ப் பேசுங்க" என்று ஸ்டெல்லா அக்கா என்னை அனுப்பினார். பேசினேன். அவர் முழுசாகக் கேட்டார். "சரி, போங்க" என்றார். மன்னிக்கவில்லை. பிரியாணியையும் தொடவில்லை. அந்த இலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் காலி. ஈரத் தரை. முதலாளி வந்தார். இலை எதுவும் குறையவில்லை என்று பெண்ணாடத்துக்காரரே அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலாளி தனபாலிடம் வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பரணைக் காட்டி, "அந்த நோட்ட எறக்கு. இனிமே அதுல இருக்கறதுதான் சரி. இவன் டப்பா வேணும்னா ஓரமா இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சாவியைக் கேட்கவில்லை. தனபாலுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

இருவரும் உட்கார்ந்தோம். நான் லேப்டாப்பைத் திறந்தேன், அவர் நோட்டை விரித்தார். அந்த ஒற்றைத் தேதியை உடைத்து இரண்டு நேரங்களாக்கினேன்: சாவி கொடுக்கும் நேரம், சாவி வாங்கும் நேரம். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது என்று விதி. பத்திரிகையில் அச்சாகும் முகூர்த்தத் தேதியைத் தனியாக, நேரம் ஒட்டாத வெறும் தேதியாக வைத்தேன். பெருமையோடு நிமிர்ந்தேன். தனபால், காதுகுத்து ஒன்றுக்காக விடியற்காலை நாலரைக்குச் சாவி கொடுப்பதாக அடித்துப் பார்த்தார். திரை அதை முந்தைய நாள் கட்டத்தில் போட்டது. எங்கள் மென்பொருள் வாடகைக்குக் குடியிருந்த கம்ப்யூட்டர் உலகப் பொது நேரத்தில் ஓடுவது. அதற்கு நாள் பிறக்கும்போது நமக்கு விடியற்காலை ஐந்தரை. நம்முடைய நாலரை அதற்கு இன்னும் நேற்று. நம் ஊர் நேரத்தை நான் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. "இதுக்கு மூணு மணி, அதுக்கு அஞ்சரை. ஆளாளுக்கு ஒரு விடியலா சார்?" என்றார் தனபால். ஆமாம். தேதி கேட்டு யாராவது உங்கள் முன் உட்கார்ந்தால், எந்த வகையில் சேமிப்பது என்பதை இரண்டாவதாக யோசியுங்கள். அவர்களுடைய நாள் எப்போது விடிகிறது என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் ஒரு கோட்டைக் காட்டினால், அந்தக் கோட்டின் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

சாயங்காலம் தனபால் தன் மொபெட்டில் என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட்டார். கடலூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுக் கேட்டேன். இரண்டு நாளாகக் கேட்க நினைத்தது அது.

"தனபால், வெள்ளிக்கிழமை முதலாளி யாரு சொல்லின்னு கேட்டாரு. அப்பவே ஏன் என் பேரச் சொல்லல?"

அவர் மொபெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்க பேரச் சொல்லியிருந்தா, நீங்க இல்லன்னு சாதிச்சிட்டு அடுத்த பஸ்ஸு ஏறியிருப்பீங்க சார். தப்பு யாருதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு எனக்கு வேண்டியிருந்தது, கூட நிக்க இன்னொரு ஆளு."